கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்?

எய்ட்ஸ் நோய்க்குத் தாயையோ தந்தையையோ, அல்லது இருவரையுமோ பறிகொடுத்த பிள்ளைகள் இன்று உலகில் ஒரு கோடிக்கும் மேல் இருக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் பிள்ளைகள். பாட்டி வீட்டிலும், சித்தி வீட்டிலும், மாமன் வீட்டிலும், யாரும் இல்லாத இடத்தில் மூத்த அக்காளின் கையிலும் இவர்கள் வளர்கிறார்கள்.

இவர்களில் யார் உடம்பில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது, யார் உடம்பில் இல்லை என்று கண்டுபிடிப்பது இன்று பெரிய வித்தை அல்ல. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும். அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். சோதனைக் கருவியின் விலை சுமார் ஒரு டாலர். கிருமி இருப்பதாகத் தெரிந்தால் மருந்து இருக்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தால் அந்தப் பிள்ளை வளரலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்து ஆரோக்கியமான குழந்தையையும் பெறலாம்.

இவ்வளவும் இருந்தும் நிலைமை என்ன? ஐக்கிய நாடுகள் சபையின் எய்ட்ஸ் ஸ்தாபனம் 2023ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கைப் பாருங்கள். கிருமியுள்ள பெரியவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு மருந்து கிடைத்தது. 15 வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மட்டுமே கிடைத்தது. எஞ்சியவர்களில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோதனையே நடக்கவில்லை. நோய் இருப்பது தெரியாமலே இருமுகிறார்கள், மெலிகிறார்கள், சாகிறார்கள்.

ஏன் சோதனை நடக்கவில்லை? பெரிய மாநாடுகளில் கூடும் கனவான்களிடம் கேட்டால் உடனே பதில் வரும்: "அறியாமை! ஜனங்களுக்கு விழிப்பு இல்லை. வெட்கப்படுகிறார்கள். பிரசாரம் செய்ய வேண்டும்." துண்டுப் பிரசுரம் அச்சடிக்கிறார்கள். சுவரில் படம் எழுதுகிறார்கள். மோட்டாரில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள்.

பிரசாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் குற்றத்தை அந்தப் பிள்ளையின் தலையிலும், அதை வளர்க்கும் ஏழைப் பாட்டியின் தலையிலும் போடுவதை நாம் ஏற்க மாட்டோம். அனாதைப் பிள்ளை சோதனைக்கு வருமா வராதா என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. சம்மதக் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? அன்றைய கூலி போனால் அடுப்பு எரியுமா? சோதனை முடிந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியது சர்க்கார், பிள்ளை அல்ல.

பதினைந்து வருஷம் ஒளிந்திருக்கும் நோய்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். "பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சோதனை எதற்கு? இது பெரியவர்களின் நடத்தையால் வருகிற நோய் அல்லவா?" என்று பலர் கேட்கிறார்கள்.

தாய்க்குக் கிருமி இருந்து, மருந்தும் கிடைக்காவிட்டால், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ அது குழந்தைக்குப் போகலாம். அப்படிப்பட்ட நூறு குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகள் வரை கிருமியைப் பெறுகின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அந்தக் குழந்தைகளில் மருந்து கிடைக்காதவற்றில் ஏறக்குறையப் பாதி இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகின்றன. மற்றவை?

வெகு காலம் டாக்டர்களே, "மற்றவையும் சில வருஷங்களில் போய்விடும்" என்றுதான் எண்ணியிருந்தார்கள். அது தவறு என்பது பின்னால் தெரிந்தது. ஒரு பகுதிக் குழந்தைகளின் உடம்பில் நோய் மிக மெதுவாகவே முற்றுகிறது. மருந்தில்லாமலே பத்து, பதினைந்து வயது வரை வளர்ந்துவிடுகிறார்கள். வளர்ந்துவிடுகிறார்கள் என்று சொல்வதும் முழுக்கச் சரியல்ல. வயதுக்கேற்ற உயரம் இருக்காது. அடிக்கடி சளி, காது சீழ், தோல் வியாதி, மூச்சிரைப்பு. "சவலைப் பிள்ளை" என்று ஊர் சொல்லும். அதற்குள் தாய் போய்ச் சேர்ந்திருப்பாள். எந்த நோயால் போனாள் என்று பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜிம்பாப்வே நாட்டின் தலைநகரான ஹராரேயில், ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 10 முதல் 18 வயது வரையுள்ள 301 பேரைப் பரிசோதித்து 2010ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அவர்களில் 139 பேருக்கு, அதாவது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, எச்.ஐ.வி. இருந்தது. அந்த 139 பேரில் நூற்றுக்கு 73 பேர் தாயை இழந்தவர்கள், அல்லது தாய்க்கும் அதே கிருமி உள்ளவர்கள். பிறந்தபோது வந்த நோய் வாலிப வயதில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் தெரிகிறது! இடையில் எத்தனை முறை அந்தப் பிள்ளை இருமலுக்கும் காய்ச்சலுக்கும் வைத்தியசாலைக்குப் போயிருக்கும்? எத்தனை முறை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்?

இன்னொரு வழியும் உண்டு. தாய் தந்தை இல்லாத பெண் பிள்ளை, பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கிறாள். காசு வைத்திருக்கும் வயது முதிர்ந்தவன் அந்த நிலைமையைப் பயன்படுத்திக்கொள்கிறான். கிருமியில்லாமல் பிறந்தவளுக்கும் இப்படிக் கிருமி வருகிறது. ஆகவே அனாதைப் பிள்ளைக்கு ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது: ஒன்று பிறப்பினால் வந்தது, மற்றொன்று வறுமையினால் வருவது.

அனாதையாக்கியது யார்?

கிருமிதான் கொன்றது. ஆனால் கிருமி நடந்துபோகப் பாதை போட்டது யார்?

தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டில் வெள்ளையர் சர்க்கார் ஒரு நிலச் சட்டம் போட்டது. மண்ணின் மக்களான ஆப்பிரிக்கர்களுக்கு அந்தச் சட்டம் ஒதுக்கிய நிலம் நூற்றுக்கு சுமார் ஏழு பங்கு. நிலத்தை இழந்த விவசாயி எங்கே போவான்? தங்கச் சுரங்கத்துக்குப் போனான். லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் மலாவியிலிருந்தும்கூட ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தார்கள். மனைவி மக்களைக் கூட்டிவர அனுமதி இல்லை. ஆண்களை மட்டும் கொட்டடிகளில் அடைத்தார்கள். வருஷத்தில் பெரும் பகுதியைச் சுரங்கத்தில் கழித்து, சில நாள் லீவில் ஊருக்குப் போய்வர வேண்டும். குடும்பத்தைப் பிரித்து வைத்தால் கூலி குறைவாகக் கொடுக்கலாம் என்பது சுரங்க முதலாளியின் கணக்கு. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்த நாடுகளில் 1980களிலும் 1990களிலும் எச்.ஐ.வி. வந்தபோது, அது கொட்டடியிலிருந்து கிராமத்துக்குப் போக ஏற்கெனவே வழி தயாராக இருந்தது.

நம்மவர்களுக்கும் அந்த மண்ணோடு தொடர்பு உண்டு. 1860ஆம் ஆண்டிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்ட நமது ஏழை மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாய் இறங்கிய நெட்டால் நாடுதான் இன்றைய குவாஸூலு-நெட்டால். தென்னாப்பிரிக்காவில் இந்த நோய் மிகக் கடுமையாகத் தாக்கிய மாகாணம் அதுவே.

அடுத்தது மருந்தின் கதை. 1996ஆம் ஆண்டிலேயே கூட்டு மருந்தால் நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்று தெரிந்துவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாவு குறைந்தது. ஆனால் ஒரு நோயாளிக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விலை! மலிவான மருந்தை வரவழைக்க வழி செய்து தென்னாப்பிரிக்கா 1997இல் சட்டம் இயற்றியது. 1998இல் 39 மருந்துக் கம்பெனிகள் சேர்ந்து அந்தச் சர்க்கார் மீது வழக்குப் போட்டன. நோயாளிகளின் இயக்கமும் தொழிற்சங்கங்களும் தெருவில் இறங்கின. 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா கம்பெனி அதே கூட்டு மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. பொருளுக்குப் பேடண்ட் கொடுக்காத நமது 1970ஆம் ஆண்டுச் சட்டம் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. உலகமே காறித்துப்பிய பிறகு 2001 ஏப்ரலில் கம்பெனிகள் வழக்கை வாபஸ் வாங்கின. 2023இல் முதல் வரிசைக் கூட்டு மருந்தின் விலை வருஷத்துக்கு 45 டாலருக்கும் கீழே இறங்கியது. பத்தாயிரத்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் எத்தனை சுடுகாடுகள்!

கம்பெனிகள் மட்டும்தான் குற்றவாளி என்றும் சொல்ல மாட்டோம். அன்றைய தென்னாப்பிரிக்க ஜனாதிபதி தாபோ ம்பெகி, எச்.ஐ.வி. கிருமியால்தான் எய்ட்ஸ் வருகிறது என்பதையே சந்தேகித்தார். பிரசவ சமயத்தில் தாய்க்கும் சேய்க்கும் கொடுக்க வேண்டிய மருந்தை நாடு முழுவதும் கொடுக்கும்படி 2002இல் அரசியல் சட்டக் கோர்ட்டு உத்தரவிட வேண்டி வந்தது. மருந்தைத் தாமதப்படுத்தியதால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். விடுதலைப் போராட்டத்தில் பிறந்த சர்க்கார் என்பதற்காக இதை மூடி மறைப்பது மக்களுக்குச் செய்யும் துரோகம்.

நிலத்தைப் பறித்து, குடும்பத்தைப் பிரித்து, மருந்தைப் பூட்டி வைத்துப் பெற்றோரைக் கொன்ற ஏற்பாடு, இப்போது பிள்ளையைப் பார்த்து, "நீ ஏன் சோதனைக்கு வரவில்லை?" என்று கேட்கிறது!

"உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா"

இனி, வைத்தியசாலை வாசலுக்கு வருவோம்.

ஹராரே நகரின் ஆறு ஆரம்ப சுகாதார நிலையங்களில், சோதனை செய்யப்பட வேண்டிய 6 முதல் 15 வயது வரையுள்ள 2,831 பிள்ளைகளின் விஷயம் என்ன ஆயிற்று என்று ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். 2,151 பேரிடம்தான் "சோதனை செய்துகொள்" என்று ஊழியர்கள் சொன்னார்கள். கடைசியில் சோதனை நடந்தது 1,534 பேருக்கு. அதாவது, காலெடுத்து வைத்தியசாலைக்குள்ளேயே வந்துவிட்ட பிள்ளைகளில் பாதிக்குச் சற்றே கூடுதலானவர்களுக்குத்தான் சோதனை நடந்தது.

மற்றவர்களிடம் ஏன் சொல்லவே இல்லை? முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, சோதனைக் கருவியோ ஆளோ இல்லை. மற்றொன்று, பிள்ளையைக் கூட்டிவந்தவர் சம்மதம் கொடுக்கத் தகுந்தவர்தானா என்று நர்ஸுக்குச் சந்தேகம். கூட வந்தவர் ஆணாக இருந்தால், அல்லது வயதில் இளையவராக இருந்தால், சோதனை செய்துகொள்ளச் சொல்வதே குறைந்தது. தாயில்லாத பிள்ளையோடு வேறு யார் வருவார்? தாய்மாமன் வருவான், அண்ணன் வருவான், பதினேழு வயது அக்காள் வருவாள். அவர்களுடைய கையெழுத்துச் செல்லாது என்றால், பிள்ளை திரும்பிப் போக வேண்டியதுதான்.

நர்ஸையும் குற்றம் சொல்ல முடியாது. பின்னால் யாராவது பெரியவர் வந்து, "என் பிள்ளையை யாரைக் கேட்டுச் சோதித்தாய்?" என்று சண்டை பிடித்தால் அவளுக்குப் பாதுகாப்பு இல்லை. சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் பயப்படத்தான் செய்வார்.

சட்டங்கள் எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள். பெற்றோர் இருப்பார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை அவை. ஆராய்ச்சி நடந்த காலத்தில் ஜிம்பாப்வேயில் 16 வயதானால்தான் தானே சம்மதம் கொடுக்கலாம். கென்யாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம், கர்ப்பம், கல்யாணம் போன்ற சில நிலைமைகள் தவிர, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதத்தைக் கேட்கிறது. பெற்றோரைக் கொன்ற நோய்க்கு மருந்து வாங்கப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும் என்றால், அந்தச் சட்டம் யாருக்காக?

தென்னாப்பிரிக்கா இந்த முடிச்சை அவிழ்த்தது. அதன் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, 12 வயதானவர் தானே சம்மதம் கொடுக்கலாம். அதற்கும் சிறியவராக இருந்தாலும், சோதனையின் பலனைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் தானே கொடுக்கலாம். பக்குவமில்லாத சிறு பிள்ளைக்குப் பெற்றோர் மட்டுமல்ல, வளர்ப்பவரே கொடுக்கலாம். யாருமே இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டெண்டு கொடுக்கலாம். நியாயமில்லாமல் யாராவது மறுத்தால் குழந்தைகள் கோர்ட்டு கொடுக்கலாம். சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்ல வேண்டும்; முடிவை ரகசியமாக வைக்க வேண்டும்.

இதனால் பலன் உண்டா? சஹாராவுக்குத் தெற்கேயுள்ள 15 நாடுகளை ஒப்பிட்டு 2019இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் ஓர் ஆராய்ச்சி வந்தது. சம்மத வயது 16க்குக் கீழே உள்ள நாடுகளில், வாலிப வயதினர் சோதனை செய்துகொண்ட அளவு நூற்றுக்கு 11 பேர் கூடுதலாக இருந்தது. இது ஒலிபெருக்கிப் பிரசாரத்தால் வந்ததல்ல. சட்டப் புத்தகத்தில் ஓர் எண்ணை மாற்றியதோடு சேர்ந்து வந்தது.

ஒரு நாள் கூலி

கையெழுத்துக்கு வழி பிறந்தாலும், வைத்தியசாலைக்குப் போக வேண்டுமே! பஸ் சார்ஜ் யார் தருவது? அன்றைய வேலை என்னாவது?

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போகிறவர்கள் நமக்குள் எத்தனை பேர்? டாக்டரைப் பார்க்க அரை நாள் போனால் அரை நாள் கூலி போச்சு. நடவு சமயத்தில் விவசாயத் தொழிலாளிப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? "விழிப்பு இல்லை" என்று அவளைப் பார்த்து யாராவது சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

மலாவி நாட்டுக் கிராமங்களில் 2004ஆம் ஆண்டில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்ட பெரியவர்கள் முடிவைத் தெரிந்துகொள்ள ஒரு மையத்துக்கு வர வேண்டும். வந்தால் சிலருக்குச் சிறு தொகை உண்டு. சிலருக்கு ஒன்றும் கிடையாது. தொகை இல்லாதவர்களில் நூற்றுக்கு 34 பேர்தான் வந்தார்கள். ஒரு நாள் கூலியில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே வருகிறவர் தொகை இரட்டிப்பாயிற்று. மையம் தூரமாக இருந்தால் வருகிறவர்கள் குறைந்தார்கள். ஜனங்களின் மனத்தில் மலைபோல் வெட்கமும் பயமும் நிற்பதாகச் சொன்னார்களே, அந்த மலையை ஒரு டம்ளர் டீக் காசு அசைத்துவிட்டது!

பிள்ளைகள் விஷயத்திலும் இப்படியே. ஜிம்பாப்வேயில் 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதனைக்கு அழைத்துவரும்படி குடும்பங்களைக் கேட்டார்கள். ஒன்றும் கொடுக்காத இடத்தில் ஐந்தில் ஒரு பிள்ளைதான் வந்தது. இரண்டு டாலர் கொடுப்பதாகச் சொன்ன இடத்தில் ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் வந்தார்கள். 2018இல் இது வெளியாயிற்று.

உலக வங்கியும் சர்வதேச நிதி ஸ்தாபனமும் இந்த நாடுகளுக்கு முன்பு சொல்லிக்கொடுத்த பாடம் இதற்கு நேர் எதிரானது. கென்யாவில் 1989இலும், ஜிம்பாப்வேயில் 1991இல் தொடங்கிய "சீரமைப்பு"த் திட்டத்திலும், ஏழைகள் சர்க்கார் வைத்தியசாலைக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். நோய் காட்டுத் தீயாகப் பரவிய வருஷங்களில் வைத்தியசாலைக் கதவில் உண்டியல் வைத்தார்கள்! உகாண்டா 2001இல் அந்தக் கட்டணத்தை ரத்துச் செய்ததும், வராத ஏழைகள் வந்தார்கள்.

சோதனைக்குப் பிறகு என்ன?

மூன்றாவது விஷயம் பயம். பயம் இருக்கிறது, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பயத்துக்குக் காரணம் உண்டு.

தாய் சாவதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளை அது. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது, உடம்பைத் துடைத்தது எல்லாம் அந்தப் பிள்ளைதான். தாய்க்கு மருந்து கிடைக்கவில்லை. "எனக்கும் இருந்தால் நானும் அப்படித்தான் சாவேன்" என்று அது எண்ணினால், அது மூடத்தனமா? கண்ணால் கண்டது அது.

வளர்ப்பவருக்கும் பயம் உண்டு. பாட்டி சோதனைக்குச் சம்மதித்தால், "உன் அம்மா எதனால் செத்தாள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். செத்துப்போன மகளின் பெயரைக் கெடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? சித்திக்கு வேறு கவலை: ஊருக்குத் தெரிந்தால் தன் பிள்ளைகளையும் ஒதுக்கிவிடுவார்களே!

இந்தக் கவலை வீண் அல்ல என்பதற்கு ங்கோசி ஜான்சனின் வாழ்க்கையே சாட்சி. பிறப்பிலேயே கிருமி வந்தவன். 1997இல் அவனைப் பெற்ற தாய் இந்த நோயால் இறந்தாள். அதே வருஷம் ஜோகன்னஸ்பர்க் நகரில் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியது. வளர்ப்புத் தாய் போராடினார், பையனும் போராடினான். கிருமியுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் ஒதுக்கக்கூடாது என்ற விதி அந்தப் போராட்டத்தால் வந்தது. 2000 ஜூலையில் டர்பன் நகரில் கூடிய சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில், 11 வயதுப் பையன் ஆயிரக்கணக்கானவர்கள் முன் நின்று, கர்ப்பிணித் தாய்மார்களுக்கு மருந்து கொடுக்கும்படி சர்க்காரைக் கேட்டான். 2001 ஜூன் 1ஆம் தேதி இறந்தான். அவனுக்கு வயது 12. சோதனை முடிவு வெளியே தெரிந்தால் பள்ளிக்கூடக் கதவு அடைபடும் என்றால், எந்தப் பிள்ளை தானாக வந்து விரலை நீட்டும்?

பயத்தைப் போக்கும் வழியும் அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. ஜிம்பாப்வேயில் 2004இல் தொடங்கிய ஸ்வான்டிரி என்னும் அமைப்பு, கிருமியோடு வாழும் வாலிபர்களையே பயிற்சி கொடுத்து வைத்தியசாலைகளில் வேலைக்கு வைக்கிறது. பதினெட்டு, இருபது வயதுக்காரர் வந்து, "எனக்கும் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். பார், நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னால், அதற்கு ஈடான பிரசுரம் எந்த அச்சகத்திலும் இல்லை. பஞ்சாலையில் புதிதாகச் சேர்ந்த பையனைச் சங்கத்துக்கு அழைத்துவருவது யார்? பக்கத்துத் தறிக்காரர்தானே! அதே விஷயம்தான் இது.

இரண்டு ஆட்சேபணைகள்

"காசு கொடுத்துச் சோதனைக்கு வரவழைப்பது லஞ்சம் ஆகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். பஸ் சார்ஜும் இழந்த கூலியும் லஞ்சம் அல்ல. கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வருகிறவருக்குப் படிச் செலவு கொடுக்கிறார்களே, அது லஞ்சமா? ஆனால், காசு கொடுத்து முடிவைச் சொல்லிவிட்டு, மருந்தும் துணையும் இல்லாமல் பிள்ளையை நடுத்தெருவில் விட்டால், அது குற்றம். காசு கதவு வரை கொண்டுவரும். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு சர்க்கார்தான் ஜவாப்தாரி.

"எல்லா அனாதைகளையும் கட்டாயமாகச் சோதித்துவிட்டால் தீர்ந்தது" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இதை நாம் உறுதியாக எதிர்க்கிறோம். கட்டாயச் சோதனை யாருக்கு உபயோகப்படும்? அனாதை விடுதியில் யாரைச் சேர்ப்பது, யாரை விரட்டுவது என்று பொறுக்குகிறவனுக்குத்தான் உபயோகப்படும். தாய் தந்தை உள்ள பிள்ளைக்குச் சம்மதம் கேட்பார்களாம். இல்லாத பிள்ளையைப் பிடித்து ஊசி குத்துவார்களாம்! சம்மதம் என்பது பணக்காரன் வீட்டுச் சொத்து அல்ல. பிள்ளை "வேண்டாம்" என்றால் நாளைக்குத் திரும்ப வரும்படி அன்பாகச் சொல்ல வேண்டும். இன்று மிரட்டி விரட்டினால் அது மருந்துக்கும் வராது.

2025இல் விழுந்த அடி

மருந்து மலிந்தது, சட்டங்கள் சில திருந்தின, வாலிபர்கள் வைத்தியசாலைகளில் வேலைக்கு வந்தார்கள். ஆனால் இவற்றில் பலவும் யாருடைய பணத்தில் நடந்தன? 2003இல் அமெரிக்கா தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தின் பணத்தில் நடந்தன. அந்தப் பணத்தில் நூற்றுக்குப் பத்து, அனாதைகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் போக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே சொன்னது. அந்தப் பணத்தால் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. இதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் தானமாக வந்தது தானம் கொடுத்தவன் இஷ்டப்படி போகும். 2025 ஜனவரி 20ஆம் தேதி பதவியேற்ற ஜனாதிபதி டிரம்ப், அன்றே வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்து உத்தரவு போட்டார். சில விலக்குகள் பின்னால் வந்தாலும், எத்தனையோ இடங்களில் சோதனை மையங்கள் மூடப்பட்டன. ஆலோசகர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட சுகாதார ஊழியர்கள் வேலை இழந்தார்கள். கிராமத்துப் பாட்டியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பயத்தைப் போக்கி, பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துப்போனவர்கள் இவர்களில் இருந்தார்கள். வாஷிங்டனில் ஒரு கையெழுத்து. குவாஸூலு-நெட்டாலில் ஒரு பிள்ளையின் விரல் நீளாமலே போய்விட்டது.

சொந்த வரிப் பணத்தில், சொந்த ஊழியரை நிரந்தரமாக வைத்து நடத்தும் பொது சுகாதாரம் வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டாம். அது முடியாத காரியமும் அல்ல. ஏழை நாடான கியூபா, அமெரிக்காவின் பொருளாதார முற்றுகைக்கு நடுவிலேயே, ஒவ்வொரு கர்ப்பிணியையும் சோதித்து, தேவைப்பட்டவருக்கு மருந்து கொடுத்து வந்தது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த முதல் நாடு என்று 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்குச் சான்று கொடுத்தது.

நமது வாசலில்

இது ஆப்பிரிக்காவின் பிரச்னை மட்டும்தான் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே 1986இல் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி டாக்டர் நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள்.

2017ஆம் ஆண்டில் நமது நாட்டில் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. சம்மதமின்றிச் சோதனை கூடாது, கிருமியைக் காட்டி வேலையோ படிப்போ மறுக்கக்கூடாது என்று அது கூறுகிறது. அதில் நம்மவர் பலருக்குத் தெரியாத நல்ல ஷரத்து ஒன்று உண்டு. இந்த நோய் தாக்கிய குடும்பத்தைத் தாங்கி நடத்தும் அக்காளோ அண்ணனோ, 12 வயது நிரம்பிப் பக்குவமும் இருந்தால், 18 வயதாகாவிட்டாலும் தம்பி தங்கைகளுக்குப் பாதுகாவலராக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும், வைத்தியம் பார்க்கவும், பாங்கிக் கணக்கு நடத்தவும் அவருக்கு உரிமை உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் ஊரில் இருந்தால், இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள், கூடப் போங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம், முடிவு ரகசியம். 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்து விவரம் கேட்கலாம்.

நாம் கேட்பது இவைதான். பெற்றோரில்லாத பிள்ளைக்கு வளர்ப்பவரின் சம்மதமும், பக்குவம் வந்த பிள்ளையின் சொந்தச் சம்மதமும் செல்ல வேண்டும். நர்ஸுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும். சோதனைக்கு வரும் ஏழைக் குடும்பத்துக்குப் பஸ் சார்ஜும் இழந்த கூலியும் வேண்டும். வைத்தியசாலையில் கருவியும் ஆளும் எந்நாளும் இருக்க வேண்டும். கிருமி உண்டு என்று தெரிந்த அன்றே மருந்தும், கூடவே சோறும் படிப்பும் வேண்டும். இவற்றைச் செய்யும் ஊழியர்களுக்கு நிரந்தர வேலை வேண்டும். எந்த நாட்டு ஜனாதிபதியின் பேனாவையும் நம்பி அவர்கள் பிழைப்பு இருக்கக்கூடாது.

இவை செய்யப்பட்ட இடங்களில் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். செய்யாத இடங்களில் வரவில்லை. பிள்ளையிடம் குறை இல்லை. சர்க்கார்கள் தங்கள் கடமையைச் செய்யட்டும். செய்யாவிட்டால், தொழிலாளி வர்க்கம் அதைச் செய்யவைக்கட்டும்.